இடிப்பதா, முகப்பை மட்டும் வைப்பதா, எலும்புக்கூட்டைக் காப்பதா? லண்டன் சிட்டியில் பசுமை அலுவலகத்துக்கு மூன்று வழிகள்

சிட்டி ஆஃப் லண்டனில், 'சதுர மைல்' என்று பேர்பெற்ற அந்தப் பழைய நிதி வட்டாரத்தில், வயதான அலுவலகக் கட்டடம் ஒன்று கையில் இருந்தால் இப்போது சும்மா இருக்க முடியாது. குத்தகைக்காரர் காலி செய்கிறார். புதிதாக வர நினைப்பவரோ முதல் சந்திப்பிலேயே மின்சாரக் கணக்கையும் கார்பன் கணக்கையும் கேட்கிறார். ஆற்றல் சான்றிதழில் கடைசித் தரங்களான எஃப், ஜி வாங்கிய வணிகக் கட்டடத்தை, பதிவுசெய்த விலக்கு இல்லாமல் வாடகையில் வைத்திருப்பதே 2023 ஏப்ரல் 1 முதல் சட்ட மீறல்.

வழிகள் மூன்று. ஒன்று, தூண், பீம், ஸ்லாப் அடங்கிய எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றுவது. இரண்டு, தெருவைப் பார்க்கும் முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் புதிதாகக் கட்டுவது. மூன்று, மொத்தமாக இடித்துக் கட்டுவது.

இரண்டாவது வழி நடுநிலையாகத் தோன்றும். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவது அதற்குத்தான். ஆனால் பெரும்பாலான மனைகளில் மூன்றிலும் மோசமானது அதுதான். ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம். முதலில் எதை வைத்துத் தீர்மானிப்பது என்று பார்ப்போம்.

## அளவுகோல்கள்

மாடி உயரம். ஒரு ஸ்லாபின் மேல்பரப்பிலிருந்து அடுத்ததன் மேல்பரப்பு வரையுள்ள உயரம் இது. போருக்குப் பின் 1950, 60-களில் எழுந்த கட்டடங்களில் 3.2 முதல் 3.4 மீட்டர் சாதாரணம். இன்று புதிதாகக் கட்டுபவர்கள் 3.75 முதல் 4 மீட்டர் வரை வைக்கிறார்கள். இந்த அரை மீட்டர்தான் பல திட்டங்களின் தலையெழுத்து. 3,300 மில்லிமீட்டர் உள்ள ஒரு மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் ஓட்டத்துக்கான உயர்தளம் 100 போகும். ஸ்லாபும் பீமும் சேர்ந்து 600 என்றால் பீமுக்கு அடியில் மிஞ்சுவது 2,600. அதன் கீழே 300 மில்லிமீட்டர் காற்றுக்குழாய் குறுக்கே போனால் 2,300. உள்ளே வருபவர் தலையைக் குனிந்துகொண்டே பார்ப்பார், வாடகைக்கு எடுக்க மாட்டார். குழாய்களைப் பீமுக்கு இணையாக மட்டும் ஓட்டி, சீலிங்கை மூடாமல் விட்டால் அதே மாடி பிழைத்துவிடும்.

1986-ல் பங்குச் சந்தை விதிகள் தளர்ந்த 'பிக் பேங்'கை ஒட்டிக் கட்டியவை வேறு ரகம். வர்த்தகத் தளங்களுக்கு ஏராளமான கேபிள் தேவைப்பட்டதால் மாடிகள் உயரமாகவும், ஸ்லாபுகள் இன்றைய தேவைக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும்படியும் கட்டப்பட்டன. பார்க்க அசிங்கமாக இருக்கும் 80-களின் கட்டடத்துக்குள்தான் பல சமயம் நல்ல எலும்பு இருக்கிறது.

பழைய கான்கிரீட்டின் குணம். 1950-களிலிருந்து 70-களின் நடுப்பகுதி வரை, சீக்கிரம் இறுகும் என்பதற்காக உயர் அலுமினா சிமென்ட் பயன்பட்டது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது வலு இழக்கும். 1973, 74-ல் கூரைகள் சரிந்த பிறகுதான் கட்டமைப்பு வேலைகளில் அதைக் கைவிட்டார்கள். மரநார்ப் பலகையை நிரந்தர அச்சாக வைத்து வார்த்த ஸ்லாபுகளில் பலகைக்குப் பின்னால் கான்கிரீட் இறங்காமல் தேன்கூடுபோல் இருக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. 2000-க்கு முந்தைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

மண்ணுக்குக் கீழே. லண்டன் களிமண், பழைய பைல்கள் (மண்ணில் ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்கள்), சுரங்க ரயில், ரோமானிய நகரம் என்று நான்கும் ஒரே மனையில் இருக்கக்கூடும்.

வானத்தில் உள்ள எல்லைகள். செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றி 1930-களிலிருந்து உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. தூரத்து இடங்களிலிருந்து தேவாலயமும் லண்டன் கோபுரமும் தெரிய வேண்டிய பார்வைப் பாதைகள் தனி. மாடிகளின் உயரத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, கூரையில் வைக்கும் ஹீட் பம்புகளையும் (மின்சாரத்தால் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் இயந்திரங்கள்) அவற்றைச் சுற்றிய சத்தத் தடுப்புச் சுவரையும் மறந்துவிடுகிறார்கள். அதற்கே மூன்று நான்கு மீட்டர் வேண்டும்.

அறுபது ஆண்டு கார்பன். கட்டும்போது வெளியாவதும், பயன்படுத்தும்போது வெளியாவதும் சேர்ந்தது. சிட்டி நிர்வாகம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரிய திட்டங்கள் சீரமைப்பு முதல் புதுக் கட்டடம் வரையிலான வழிகளை இந்த அடிப்படையில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்கிறது.

காலியாகக் கிடக்கும் காலமும் மறைந்த செலவும். இதைத் தனியாகப் பார்ப்போம்.

## கார்பன் கணக்கு, ஒரு முறை போட்டுப் பார்ப்போம்

10,000 சதுர மீட்டர் அலுவலகம். புதிதாகக் கட்டினால் சதுர மீட்டருக்கு 600 கிலோ கார்பன் என்று வைப்போம். லண்டன் மேயரின் வழிகாட்டியில் சாதாரண அளவு 950. முயன்று எட்டவேண்டிய அளவு 600. ஆக இது நல்ல பிள்ளையின் கணக்கு: 6,000 டன். எலும்புக்கூட்டை வைத்துச் சீரமைத்தால் 300 கிலோ என்போம்: 3,000 டன். வித்தியாசம் 3,000 டன், அதுவும் கட்டும்போதே காற்றில் கலந்துவிடுவது.

இனி ஓட்டச் செலவு, அதாவது கட்டடத்தைப் பயன்படுத்தும்போது ஆகும் மின்சாரம். புதியது ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 55 யூனிட், சீரமைத்தது 80 யூனிட் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,50,000 யூனிட் வித்தியாசம். யூனிட்டுக்கு 0.2 கிலோ கார்பன் என்றால் 50 டன். 3,000-ஐ 50-ஆல் வகுத்தால் 60 ஆண்டு. கணக்குப் போடும் காலம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் இரண்டும் சமமாகும். அதுவும் மின்சாரம் இன்றிருப்பதுபோலவே இருக்கும் என்ற கணக்கு. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடியாயிற்று. யூனிட்டுக்கான கார்பன் குறையக் குறைய அந்த 60 இன்னும் தள்ளிப்போகும்.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுவது ஒன்றுதான்: சீரமைத்த கட்டடத்தில் எரிவாயு பாய்லரை அப்படியே விட்டுவைப்பது. மின்சாரம் மாறும், எரிவாயு மாறாது. பாய்லரைத் தொடாத 'பசுமைச் சீரமைப்பு' வெறும் பெயின்ட் வேலை.

இலக்குக்கு மேல் மிஞ்சும் கார்பனுக்குப் பணம் கட்டிவிட்டால் போயிற்று என்று சிலர் நினைக்கிறார்கள். லண்டன் மேயரின் திட்டமிடல் ஆவணமான லண்டன் பிளானில் டன்னுக்கு 95 பவுண்டு, 30 ஆண்டுக்குச் சேர்த்து. ஆண்டுக்கு 20 டன் துண்டு விழுந்தால் 57,000 பவுண்டு. சிட்டிக் கட்டுமானத்தில் அது வரவேற்பறைப் பளிங்குக்கே காணாது. ஆனால் அந்தக் கட்டணம் ஓட்டக் கார்பனுக்கு மட்டும். இடித்துக் கட்டும்போது வெளியாகும் ஆயிரக்கணக்கான டன்னைப் பணம் கட்டித் தீர்க்க முடியாது. திட்ட அனுமதியில் வாதாடித்தான் தீர்க்க வேண்டும்.

## வழி ஒன்று: எலும்புக்கூட்டைக் காப்பது

கட்டடத்தின் ஆரம்பக் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடித்தளத்திலும் சட்டகத்திலும் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் இந்த வழியின் பலம். கண்ணாடிச் சுவர், குழாய், லிஃப்ட், சீலிங் எல்லாம் மாறும்.

முதல் வேலை சோதனை. கான்கிரீட்டில் உருளை வெட்டி எடுத்து வலுப் பார்ப்பது, கம்பிகளை ரேடாரில் தேடுவது, எங்கெங்கே துருப்பிடித்திருக்கிறது என்று திறந்து பார்ப்பது. குறிப்பாக, முன்னழுத்தக் கேபிள் (வலுவுக்காக இழுத்துக் கட்டிய எஃகு வடம்) ஓடும் ஸ்லாபா என்று தெரியாமல் லிஃப்ட் குழிக்கு வெட்டக்கூடாது. கான்கிரீட்டோடு ஒட்டாத கேபிள் அறுந்தால் சாட்டைபோல் வெளியே பாயும். அந்தத் தளப் பகுதியே தாங்கும் வலுவை இழக்கும். பழைய வரைபடம் கிடைத்தாலும் அதை நம்பி வெட்ட வேண்டாம்.

அடுத்தது மாடி ஏற்றுவது. கனமான பழைய கல் உறையையும் கூரை இயந்திரங்களையும் எடுத்துவிட்டால் எடை குறையும். அந்த மிச்சத்தில் இலகுவான எஃகு மாடிகள் இரண்டு வைக்க முடிவதுண்டு. திட்டத்தின் வரவுசெலவு பல சமயம் இந்தக் கூடுதல் பரப்பில்தான் நிமிர்கிறது. மாடியை மரப் பலகைத் தளமாக வைக்க விரும்பினால் காப்பீட்டு நிறுவனத்தை வரைபடம் முடிவதற்கு முன்னாலேயே உட்காரவைத்துப் பேசுங்கள்.

வெப்பத்தில் கவனிக்க வேண்டியது தண்ணீர்ச் சூடு. பழைய ரேடியேட்டர்கள் 80 டிகிரித் தண்ணீருக்கு அளவெடுத்தவை. ஹீட் பம்ப் நன்றாக உழைப்பது 45 டிகிரிப் பக்கம். சுவரையும் ஜன்னலையும் சரிசெய்யாமல் பம்பை மட்டும் மாற்றினால் குளிர்காலத்தில் அறை சூடேறாது. கடைசியில் யாராவது மின் ஹீட்டர் வாங்கி மேசைக்கடியில் வைப்பார்கள்.

கல் சுவருக்கு உள்ளே காப்புப் பலகை ஒட்டும்போது பேராசை கூடாது. தடிமனான, ஆவி புகாத பலகையை ஒட்டினால் அதன் பின்னால் சுவர் குளிர்ந்து, பீம் முனைகளில் ஈரம் சேரும். 40 முதல் 60 மில்லிமீட்டர் மரநார் அல்லது கால்சியம் சிலிக்கேட் போதும். பழைய ஜன்னலை மாற்ற அனுமதி இல்லாத இடத்தில் உட்புறம் இரண்டாவது கண்ணாடி போட்டாலே பாதிக்கு மேல் பலன் கிடைத்துவிடும்.

மறைந்த செலவுகள்: எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டடத்தில் 5 சதவீதம் ஒதுக்குபவர் இங்கே 10 முதல் 15 ஒதுக்க வேண்டும். சுற்றிலும் அலுவலகங்கள் இயங்குவதால் காலை 10 முதல் 12, பிற்பகல் 2 முதல் 4 வரை சத்தமான வேலை செய்யக்கூடாது என்ற சிட்டியின் அமைதி நேரம், கான்கிரீட் உடைக்கும் நாட்களைச் சவ்வாக இழுக்கும். 18 மீட்டருக்கு மேல் மாடி இருந்தால் தீயணைப்பு வீரர்கள் ஏறிச்செல்லப் படிக்கட்டும் லிஃப்டும் கொண்ட தனிக் கூண்டு வேண்டும். பழைய படிக்கட்டுக்குள் அது அடங்காமல் ஸ்லாபை வெட்ட நேரும்.

இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்: மாடி உயரம் 3.5 மீட்டரைத் தாண்டியவர். தூண்கள் 7 மீட்டருக்குக் குறையாமல் விலகியிருப்பவர். தெருவுக்கடியில் ரோமானியச் சுவரோ ரயில் சுரங்கமோ உள்ளவர்.

## வழி இரண்டு: முகப்பை நிறுத்திப் பின்னால் கட்டுவது

போர்ட்லண்ட் கல்லில் செதுக்கிய முகப்பு அப்படியே நிற்கும், உள்ளே எல்லாம் புதுசு. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு.

பின்னாலிருக்கும் தளங்களை எடுத்தவுடன் முகப்பு தனியே நிற்கும் மெல்லிய சுவராகிவிடும். அதைப் பிடிக்க எஃகுச் சட்டகம் வேண்டும். சட்டகம் காற்றில் சாயாமலிருக்க அடியில் கான்கிரீட் பாளங்கள் வேண்டும். இதை வெளியே வைத்தால் நடைபாதை போய்விடும். இடைக்காலச் சந்துகள் நிறைந்த சிட்டியில் அந்த இடமே கிடையாது. உள்ளே வைத்தால் அடித்தளம் தோண்டும் இயந்திரங்கள் நுழைய வழியில்லை. புதிய ஸ்லாபுகள் வந்து சுவரைக் கட்டிப்பிடிக்கும் வரை ஒவ்வொரு வாரமும் சுவரின் அசைவை அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சட்டகத்துக்கு ஆகும் எஃகும் கார்பன் கணக்கில் ஏறும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஜன்னல்கள். பழைய முகப்பில் தரைமாடி உயரமாகவும், மேலே போகப் போகக் குள்ளமாகவும் இருக்கும். ஒரே உயரத்தில் மாடி வேண்டுமென்றால் புதிய ஸ்லாப் எங்கோ ஒரு ஜன்னலின் நடுவே வந்து நிற்கும். தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடிக்குள் கான்கிரீட் விளிம்பு தெரியும். ஜன்னலுக்கு ஏற்ப ஸ்லாபை வைத்தால் புதிதாகக் கட்டியும் பழைய மாடி உயரமே மிஞ்சும். அப்புறம் எதற்கு இடித்தது?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து முகப்பு என்றால் இன்னொரு நோயும் இருக்கும். கல்லுக்குள் எஃகுத் தூணை இடைவெளி விடாமல் காரையால் பொதிந்திருப்பார்கள். மூட்டு வழியே மழைநீர் இறங்கும். துரு எஃகைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல்லைத் தள்ளி விரிசலாக்கும். கல்லைக் கழற்றித் துருவைச் சுரண்டலாம். இல்லையென்றால் மூட்டுகளில் நேர்மின்முனைகளைச் செருகி மெல்லிய மின்னோட்டம் கொடுத்துத் துருவை நிறுத்தலாம். இரண்டாவது வழியில் அந்த மின்னோட்டமும் கண்காணிப்பும் கட்டடம் உள்ள வரை தொடர வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் அந்தச் செலவு யார் தலையில் என்று எழுதிவையுங்கள்.

கார்பனில் மிச்சமாவது மிகக் குறைவு, ஏனென்றால் மிச்சம் பிடிக்கவேண்டிய அடித்தளமும் சட்டகமும் லாரியில் போய்விட்டன. மரபுப் பாதுகாப்பாளர்களுக்கும் இதில் மகிழ்ச்சியில்லை; உள்ளே இருந்த கட்டடத்தை இழந்து தோலை மட்டும் வைத்திருப்பது அவர்கள் கணக்கில் பாதுகாப்பே இல்லை.

பொருந்தும் இடம் ஒன்று உண்டு. முகப்புக்குப் பின்னாலிருப்பது ஏற்கெனவே 1970, 80-களில் மாற்றிய மட்டமான சட்டகம், முகப்பு தெருவின் வரிசைக்கு இன்றியமையாதது, மனைக்கு இரண்டு பக்கம் லாரி வர வழி இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் இதைச் செய்யலாம்.

## வழி மூன்று: முழுதாக இடித்துக் கட்டுவது

உயர் அலுமினா சிமென்ட் வலு இழந்துவிட்டது, மாடி உயரம் 3 மீட்டர், தூண்கள் நெருக்கம். இந்த மூன்றும் கூடினால் சீரமைப்புக்காக அழுவதில் பயனில்லை. புதுக் கட்டடம் மனைக்கேற்ற வெளிச்சம், காற்றோட்டம், நல்ல லிஃப்ட் எல்லாம் தரும்.

ஆனால் சிட்டியில் தோண்டுவது கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ரோமானியத் தரை பல இடங்களில் இன்றைய தெருவுக்கு ஏழு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் எழுந்த மனையில் 1954-லேயே மித்ராஸ் கோயில் வெளிப்பட்டிருந்தது. பின்னர் நடந்த அகழ்வில் வால்புரூக் ஓடையின் ஈரமண் காத்துவைத்திருந்த நானூறுக்கும் மேற்பட்ட மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. அதில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்ட கடன் பத்திரம். நிதி வட்டாரத்துக்குப் பொருத்தமான கண்டுபிடிப்பு. 2017-ல் திறந்த அந்தக் கட்டடம் வடிவமைப்பு நிலையில் பிரீயம் என்ற பசுமைக் கட்டட மதிப்பீட்டில் 98.5 சதவீதம் வாங்கியது. கோயிலும் அதன் அடித்தளத்தில் பார்வைக்கு இருக்கிறது. அகழ்வுச் செலவும் காலமும் கட்டுபவர் கணக்கில்தான். அந்த வசதி எல்லோருக்கும் இராது.

பழைய பைல்களும் தொல்லை தரும். களிமண்ணில் ஊன்றிய பைலைப் பிடுங்குவது எளிதல்ல. புதியதை இடைவெளிகளில்தான் செருக வேண்டும். இரண்டு மூன்று தலைமுறைக் கட்டடம் நின்ற மனையில் இடைவெளியே தீர்ந்துபோகும். பழைய பைலையே மறுபடி பயன்படுத்துவது இதற்கு நல்ல பதில். 2020-ல் முடிந்த 22 பிஷப்ஸ்கேட் கோபுரம், பாதியில் நின்ற 'பினக்கிள்' திட்டத்தின் அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது. இடித்தவுடன் பாரம் நீங்கிய களிமண் மெல்ல மேலே உப்பும். கீழே ரயில் சுரங்கம் இருந்தால் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கல் நகராது.

கட்டடத்தை உயர்த்தினால் பக்கத்து வீட்டு வெளிச்ச உரிமை வழக்காக வரும். 20 ஆண்டு தொடர்ந்து வெளிச்சம் பெற்ற ஜன்னலுக்கு உரிமை உண்டு. இன்னொன்று, இடிக்கலாம் என்று காத்திருக்கும்போதே கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிடலாம். 1986-ல் திறந்த லாயிட்ஸ் கட்டடம் 2011-ல் பட்டியலின் உச்சத் தரமான கிரேடு ஒன் ஆனது. 1997-ல் முடிந்த நம்பர் ஒன் போல்ட்ரி 2016-ல் அடுத்த தரமான கிரேடு டூ ஸ்டார். சந்தேகம் இருந்தால் பட்டியலிடாமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், ஐந்தாண்டு செல்லும். விண்ணப்பித்ததாலேயே பட்டியலில் ஏறிவிடும் ஆபத்தும் உண்டு.

இடித்த பொருளில் உயர்தளப் பலகைகள் எளிதாக மறுபடி விலைபோகும். எஃகு உத்தரங்களை மறுபயன்பாட்டுக்கு விற்க நினைத்தால் 1970-க்குப் பின் கட்டிய சட்டகமா என்று பாருங்கள். அதற்கு முந்தைய எஃகுக்கு இங்குள்ள மறுபயன்பாட்டு வழிகாட்டி தனி.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எலும்புக்கூட்டைக் காத்தல் | முகப்பு மட்டும் | முழுதாக இடித்தல் |
|---|---|---|---|
| கட்டும்போதைய கார்பன் | குறைவு | புதுக் கட்டடத்துக்குக் கிட்டத்தட்ட சமம் | அதிகம். பழைய பைல் உதவினால் குறையும் |
| மாடி உயரம் | இருப்பதுதான் | ஜன்னல் வரிசை தீர்மானிக்கும் | விருப்பப்படி, வான எல்லைக்குள் |
| தொல்லியல், சுரங்கம் | பெரும்பாலும் தொடவேண்டாம் | தொடவேண்டும், இடமும் குறைவு | தொடவேண்டும் |
| எதிர்பாராச் செலவு | தளங்களுக்குள் | முகப்பிலும் மண்ணிலும் | மண்ணுக்குள் |
| காலியாகக் கிடக்கும் காலம் | குறைவு | மிக அதிகம் | அதிகம் |
| திட்ட அனுமதி | எளிது | மரபு வாதம் | கார்பன் வாதம் |

## வரிகளும் தேதிகளும்

புதிதாகக் கட்டினால் வாட் இல்லை, சீரமைத்தால் 20 சதவீதம் என்று சொல்வார்கள். அது வீடுகளின் கதை. அலுவலகத்துக்கு இரண்டுக்குமே 20 சதவீதம், ஆகவே அதை முடிவுக்குக் காரணமாக வைக்க வேண்டாம்.

காலி அலுவலகத்துக்கு முதல் மூன்று மாதம் வணிகக் கட்டடச் சொத்து வரிச் சலுகை, பிறகு முழு வரி. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்துக்குக் காலியாக இருக்கும் வரை விலக்கு. மற்றவற்றில், உள்ளே எல்லாவற்றையும் பிரித்தெடுத்து மறுகட்டுமான வேலை உண்மையாகவே நடந்தால் வரி மதிப்பைப் பெயரளவுக்குக் குறைக்க 2017-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. பூட்டிப் போட்டுவைத்தால் அது கிடைக்காது.

புதிய கட்டுமானப் பரப்புக்கு வாங்கும் உள்கட்டமைப்புக் கட்டணமான சி.ஐ.எல்.-இல் பழைய பரப்பைக் கழித்துக்கொள்ளலாம், இடித்தாலும் காத்தாலும். ஆனால் இடிக்கும் பரப்பைக் கழிக்க, அனுமதிக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் தொடர்ச்சியாக ஆறு மாதமாவது கட்டடம் சட்டப்படி பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தை இழுக்க இழுக்க அந்தக் காலம் கழிந்துவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. தளமொன்றைக் குறுகிய காலக் குத்தகைக்கு விட்டுவைப்பது அந்தக் கழிவைக் காப்பாற்றும்.

குத்தகைக்காரர் இன்னும் உள்ளே இருக்கும்போதே பத்திரத்தில் உள்ள நுழைவு உரிமையை வைத்து, வார இறுதிகளில் சீலிங் பலகையைக் கழற்றிப் பீம் ஆழத்தை அளக்கவும், அடித்தளத்தில் நாலைந்து இடத்தில் கான்கிரீட் உருளை எடுக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். அந்த அளவுகள் கைக்கு வரும்வரை வடிவமைப்பாளருக்கு வேலை கொடுக்க வேண்டாம்.